மண்ணெண்ணெய் குடித்த ஒஸ்ரின்கள்

1947இல் பேர்மிங்காமின் லோங்பிறிட்ஜ் தொழிற்சாலையிலிருந்து ஒஸ்ரின் ஏ40 கார்கள் வெளிவரத் தொடங்கியபோது இங்கிலாந்திலேயே நல்ல பெற்றோல் கிடைக்கவில்லை. போர் முடிந்திருந்தது, எரிபொருள் பங்கீடு முடியவில்லை. எல்லாக் கம்பனிகளின் பெற்றோலையும் ஒன்றாக்கி, ‘பூல்’ என்ற ஒரே பெயரில், ஏறக்குறைய 70 ஒக்ரேன் தரத்தில் விற்றார்கள். 1953 வரை அங்கே பெற்றோல் இதுதான். இந்தத் தாழ்ந்த பெற்றோலில் இடிக்காமல் ஓடவேண்டும் என்பதற்காக ஏ40இன் 1,200 சிசி எஞ்சினுக்கு அமுக்க விகிதத்தை ஏழுக்கு ஒன்றை ஒட்டியே வைத்தார்கள். இன்றைய கார்களில் அது பத்துக்கு மேல். லோங்பிறிட்ஜ் பொறியியலாளர்கள் தங்கள் ஊரின் தட்டுப்பாட்டுக்காக எடுத்த முடிவு, நாற்பது வருடங்களுக்குப் பிறகு யாழ்ப்பாணத்தின் தட்டுப்பாட்டில் அந்தக் கார்களைக் காப்பாற்றியது.

குடாநாட்டில் இன்றைக்கும் பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களும் மிஞ்சியிருக்கின்றன. சில ஓடுகின்றன. பல கொட்டில்களுக்குள் நிற்கின்றன. ஒரு தகப்பனும் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளையும் அப்பப்பாவின் காரை வெளியே தள்ளி வந்து, பொனற்றைத் திறந்து, திருத்திப் புதுப்பிக்கலாம் என்று இறங்கினால், அவர்கள் கைவைப்பது ஒரு காரில் படிந்த மூன்று காலங்களின் மேல். அடியில் இங்கிலாந்துத் தொழிற்சாலையின் வேலை. அதற்கு மேல் தொண்ணூறுகளின் யுத்தகால வேலை. அதற்கும் மேல், 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு வந்து சேர்ந்த ஜப்பான் சாமான்கள். எந்தக் காலத்துக்குக் காரைத் திருப்புவது என்ற கேள்வி முதல் போல்ற்றைக் கழற்றும்போதே வந்துவிடுகிறது. அதற்குப் பதில் சொல்ல இந்தக் கார்களின் கதை தெரிந்திருக்கவேண்டும்.

போருக்குப் பிந்திய பிரித்தானியா கடனில் மூழ்கியிருந்தது. ஏற்றுமதி செய்யும் கம்பனிகளுக்கே உருக்கு ஒதுக்கப்பட்டது. அதனால் ஏ40 டெவனும், 1952இல் அதன் இடத்துக்கு வந்த சொமசெற்றும், 1954இன் ஏ50 கேம்பிறிட்ஜும், 1948இல் அறிமுகமான மொறிஸ் மைனரும் பெருமளவில் வெளிநாடுகளுக்குக் கப்பலேறின. அதே 1948இல் சுதந்திரம் பெற்ற இலங்கை அந்தச் சந்தைகளில் ஒன்று. யாழ்ப்பாணத்தில் இவற்றை வாங்கியவர்கள் டொக்டர்மார், அப்புக்காத்துமார், கொழும்பில் உத்தியோகம் பார்த்தவர்கள், மலாயாவில் வேலை செய்து பென்சனோடு ஊர் திரும்பியவர்கள். கொஞ்சக் காலத்தில் வாடகைக்கு ஓடுகிறவர்களும் வாங்கினார்கள். கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் ஊரில் ஒருவரின் கார் எல்லோருடைய காராக ஓடியது.

1952இல் ஒஸ்ரினும் மொறிஸின் தாய்க் கம்பனியான நஃபீல்டும் ஒன்றாகி பிறிற்றிஷ் மோட்டோர் கோப்பரேஷன் ஆனது யாழ்ப்பாணத்துக் கராஜ்களுக்குப் பின்னாளில் பெரிய வரமாயிற்று. ஒஸ்ரினில் பிறந்த ‘ஏ’ ரக எஞ்சின் மொறிஸ் மைனருக்குள் போனது. ‘பி’ ரகம் கேம்பிறிட்ஜிலும் மொறிஸ் ஒக்ஸ்போட்டிலும் ஓடியது. ஒன்றின் சாமான் மற்றதற்குப் பொருந்தியது. செத்த கார் ஒன்று நாலு கார்களை உயிரோடு வைத்திருக்க இது போதும்.

இந்தக் கார்களின் இலக்கத் தகட்டிலும் வரலாறு இருக்கிறது. ஐம்பதுகளின் நடுப்பகுதி வரை பதிவானவற்றில் இரண்டு ஆங்கில எழுத்துகள். அதன்பின் சிங்கள ‘ஸ்ரீ’ வந்தது. 1957இலும் 1958இலும் தமிழரசுக் கட்சி நடத்திய ஸ்ரீ எதிர்ப்புப் போராட்டத்தில் வடக்கிலும் கிழக்கிலும் சிங்கள எழுத்துக்குத் தார் பூசி, தமிழ் ‘ஸ்ரீ’ எழுதிய தகடுகளோடு வாகனங்கள் ஓடின. இலங்கைத் தமிழரின் அரசியலில் ஒரு முக்கியமான அத்தியாயம் கார்த் தகட்டில் எழுதப்பட்டது. பழைய தகட்டைக் கழற்றி எறிந்துவிட்டு மினுங்குகிற புதிய தகட்டைப் பூட்ட அவசரப்படுகிற பிள்ளைக்கு இதைச் சொல்லவேண்டியது தகப்பனின் பொறுப்பு.

பிறகு கதவுகள் மூடத் தொடங்கின. அறுபதுகளின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1970இலிருந்து 1977 வரையான பிரதமர் சிறிமாவோவின் ஆட்சியில் அது இன்னும் இறுகியது. வினோதம் என்னவென்றால், அதே இறக்குமதித் தடை மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் போடப்பட்டதால் யாழ்ப்பாணத் தோட்டக்காரரின் கையில் காசு புழங்கியது. காசு இருந்தது, புதுக் கார் இல்லை. பழைய ஒஸ்ரின்கள் கைமாறின. பிஸ்ரன் வளையமும் புஷ்ஷும் உள்ளூர்க் கடைசல் பட்டறைகளில் கடையப்பட்டன. ‘சாமான் இல்லை’ என்று ஒரு மெக்கானிக் வேலையைத் திருப்பி அனுப்புவது மரியாதைக் குறைவாக எண்ணப்பட்ட காலம் அது. 1977க்குப் பிறகு பொருளாதாரம் திறந்து, கொழும்பின் தெருக்கள் ஜப்பான் கார்களால் நிரம்பின. வடக்குக்கும் சில வந்தன. ஆனால் 1983இல் யுத்தம் தொடங்கிய பிறகு நிலைமை ஒவ்வொரு வருடமும் மோசமாகியது. புதுக் காரில் பணத்தைப் போட யாருக்கும் மனம் வரவில்லை.

1990 ஜூனில் யுத்தம் மறுபடி மூண்டது. யாழ்தேவி ரயில் நின்றது, அது யாழ்ப்பாண நிலையத்துக்குத் திரும்பி வர 2014 ஒக்ரோபர் ஆயிற்று. மின்சாரம் போனது. ஆனையிறவுத் தரைப்பாதை மூடியது. சனங்கள் கிளாலியில் வள்ளமேறிக் கடனீரேரியைக் கடந்தார்கள். அரசாங்கத்தின் பொருளாதாரத் தடைப் பட்டியலில் பெற்றோலும் பற்றரியும் இருந்தன. மண்ணெண்ணெய் மாத்திரம் அளந்து விடப்பட்டது.

மண்ணெண்ணெயில் எஞ்சின் ஓட்டுவது யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல என்பதை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். துலாவை விட்டு இயந்திரத்துக்கு மாறிய நாளிலிருந்து தோட்டக்காரர் மண்ணெண்ணெய்ப் பம்பில்தான் தண்ணீர் இறைத்தார்கள். கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சுட்டதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது புகையிலைத் தோட்டத்துப் பெடியனுக்கும் தெரிந்த வேலை. இங்கிலாந்தின் பேர்கஸன் உழவு இயந்திரங்களில் ஒரு வகையும் இதே முறையில்தான் ஓடியது. அந்த அறிவை ஊர் மெக்கானிக்குகள் பொனற்றுக்குள் கொண்டுவந்தார்கள்.

செய்முறை இப்படி. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. ஆகவே எஞ்சின் பெற்றோலில்தான் உயிர்பெறவேண்டும். சின்னப் போத்தலிலோ தகர டாங்கியிலோ கொஞ்சம் பெற்றோல். அதிலிருந்து காபரேற்றருக்கு ஒரு மெல்லிய குழாய். நடுவில் ஒரு திருகுபிடி. சில நிமிடங்களில் மனிபோல்ட் சூடேறியதும் திருகுபிடியைத் திருப்பி மண்ணெண்ணெயை விடுவார்கள். நிறுத்துவதற்குச் சற்று முன்பு மறுபடி பெற்றோலுக்குத் திருப்பவேண்டும். இல்லையென்றால் காபரேற்றரின் மிதவைக் கிண்ணத்துக்குள் மண்ணெண்ணெய் தங்கி, அடுத்தமுறை எஞ்சின் அசையாது. இந்தக் கடைசிப் படியை மறந்தவர்கள் காரை ஒழுங்கை முழுக்கத் தள்ளினார்கள்.

இடிப்பு இன்னொரு தொல்லை. மண்ணெண்ணெயின் ஒக்ரேன் பெற்றோலைவிட மிகக் குறைவு. சிலிண்டருக்குள் நேரத்துக்கு முந்தி வெடிக்கும். அதற்கு டிஸ்ரிபியூற்றரைச் சற்றுத் திருப்பி, பொறி விழுகிற நேரத்தைப் பிந்த வைக்கவேண்டும். சிலிண்டர்த் தலைக்கு அடியில் ஒன்றுக்கு இரண்டு காஸ்கற் போட்டால் அமுக்கம் இன்னும் இறங்கும். ஏழுக்கு ஒன்று என்ற விகிதத்தோடு பிறந்த எஞ்சின் இதைத் தாங்கியது. அதைவிட உயர்ந்த விகிதத்தோடு பிறந்தது தாங்காது. புது ஜப்பான் கார்கள் கொட்டிலில் நிற்க, அவற்றைவிட முப்பது வயது மூத்த ஒஸ்ரின்கள் தெருவில் ஓடியதன் காரணம் இதுதான். சும்மா ‘அந்தக் காலத்துச் சாமான் உறுதி’ என்று சொல்லிவிட்டுப் போவது அந்த மெக்கானிக்குகளின் அறிவுக்குச் செய்யும் அநியாயம்.

பற்றரிக்கு விடை காரின் மூக்கிலேயே இருந்தது. இந்தக் கார்களின் முன் பம்பரில் ஒரு துளை உண்டு. அதற்குள் கம்பியைச் செருகி எஞ்சினைக் கையால் சுழற்றலாம். ஸ்ராட்டரைச் சுழற்றப் பலமில்லாத பற்றரியிலும் ஒரு பொறிக்குப் போதிய மின்சாரம் மிஞ்சியிருக்கும். ஆக, வேறு காரில் செத்துப்போன பற்றரி ஒஸ்ரினில் இன்னும் பல மாதம் வேலை செய்தது.

நிலமும் உதவியது. குடாநாட்டில் மலை இல்லை, ஏற்றம் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்கு இருபது மைலை ஒட்டிய தூரம். பலம் குறைந்து, வெண்புகை கக்கி, மெதுவாக ஓடும் எஞ்சினுக்கு அது போதும். கொழும்பு–கண்டி வீதியின் கடுகண்ணாவ ஏற்றத்தில் இந்த வித்தை பலித்திருக்காது.

ஆனாலும் கார்கள் இதற்கு விலை கொடுத்தன. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரின் ஒயிலைக் கழுவிக்கொண்டு அடியில் இறங்கி, எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். ஒயில் மாற்ற ஒயிலும் இல்லை. பேரிங் தேய்ந்தது, வளையம் தேய்ந்தது, பிளக்கில் கரி அப்பியது. அப்படித் தேய்ந்துகொண்டே அவை பிள்ளைப்பேற்றுக்காரிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தன, காயப்பட்டவர்களை ஏற்றின. 1995 ஒக்ரோபர் 30இல் யுத்தத்தால் வலிகாமமே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, சைக்கிளும் உழவு இயந்திரமும் நிரம்பிய அந்த வீதியில் இவையும் ஊர்ந்தன. ஒரு காரின் சேவை என்று எதையாவது கொண்டாடுவதானால் இதைக் கொண்டாடவேண்டும்.

இந்தக் காலத்தில்தான் கராஜும் வீடும் ஒன்றாகின. மெக்கானிக்குக்குக் கொடுக்கக் காசு இல்லாத வீட்டில் தகப்பனே பிளக்கைக் கழற்றித் துடைத்தார். பிள்ளை பக்கத்தில் நின்று திருகுபிடியைப் பிடித்தது. பள்ளிக்கூடம் பாதி நாள் நடக்காத காலத்தில், எத்தனையோ பெடியளுக்கு எரிபொருள், வெப்பம், மின்சாரம் பற்றிய விஞ்ஞானப் பாடம் பொனற்றுக்குள்தான் நடந்தது.

2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தது. பெற்றோல் வந்தது. இந்திய மோட்டார் சைக்கிள்களும் ஆட்டோக்களும் வெள்ளமாக வந்தன. நகரின் வாடகைக் கார் தரிப்பிடத்தில் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ்கள் இன்னும் சில வருடம் வரிசையாக நின்றன; பிறகு வரிசை மெல்லக் குறைந்தது. 2006 ஓகஸ்ற்றில் பாதை மறுபடி மூடி, யுத்தம் முடிந்த பிறகே நிரந்தரமாகத் திறந்தது. கார்கள் ஒவ்வொன்றாகக் கொட்டிலுக்குப் போயின.

இன்றைக்கு அதிலிருந்து ஒன்றை வெளியே எடுக்கிற தகப்பனுக்கு வயது நாற்பத்தைந்து என்றால், தொண்ணூறுகளில் திருகுபிடியைப் பிடித்து நின்ற பிள்ளை அவர்தான். அவருக்குத் தெரிந்ததை இப்போது தன் மகளுக்கோ மகனுக்கோ கைமாற்றுகிறார். அது எப்படி நடக்கிறது என்பதற்கு வால்வு இடைவெளி வைக்கும் வேலை நல்ல உதாரணம். ‘ஏ’ ரக எஞ்சினில் எட்டு வால்வு. எட்டாவது முழுக்கத் திறந்திருக்கும்போது முதலாவதின் இடைவெளியை அளக்கவேண்டும். ஏழாவது திறந்திருந்தால் இரண்டாவது. ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவது. இரண்டையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது. இடைவெளி ஒரு அங்குலத்தின் ஆயிரத்தில் பன்னிரண்டு. தகட்டு அளவியை உள்ளே விட்டு இழுக்கும்போது விரலில் ஒரு சின்னப் பிடிப்புத் தெரியவேண்டும். ‘இறுக்கமும் இல்லை, தொளதொளப்பும் இல்லை, பார்’ என்று தகப்பன் பிள்ளையின் கையில் அளவியைக் கொடுப்பார். வீடியோ பார்த்து ஒன்பதுக் கணக்கைப் படிக்கலாம். அந்தப் பிடிப்பைப் படிக்க முடியாது.

எஞ்சினைச் சுழற்றும் கம்பியைப் பிடிப்பதும் அப்படியே. பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துத்தான் பிடிக்கவேண்டும். சுற்றிப் பிடித்தால் எஞ்சின் எதிர்த்து உதைக்கும்போது கை முறியும். மைனரின் முன் சில்லைத் தாங்கும் திருகு மூட்டுக்கு ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிறீஸ் அடிக்கவேண்டும்; விட்டுவிட்டால் மரை தேய்ந்து ஒருநாள் சில்லு மடங்கிப் படுத்துவிடும். உப்புக் காற்று வீசும் ஊரில் கதவுக்குக் கீழுள்ள பெட்டிச் சட்டமும் பின் வில்தகடு மாட்டுகிற இடமும் முதலில் துருப்பிடிக்கும். மைனருக்குத் தனிச் சசி கிடையாது. உடம்பே அதன் எலும்பு. எனவே அந்தத் துருவைப் பெயின்றால் மூடுவது ஆபத்து. வெட்டி எடுத்துப் புதுத் தகட்டை உருக்கி ஒட்டவேண்டும். நல்ல சேதி என்னவென்றால், மைனரின் உடற்தகடுகளைக் கையால் அடித்துச் செய்கிற திறமை இலங்கையிலேயே இருக்கிறது. தெற்கில் செய்யப்பட்டவை மைனர் பிறந்த இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகியிருக்கின்றன.

மேம்படுத்தல் என்று வரும்போது தகப்பனும் பிள்ளையும் முட்டிக்கொள்கிறார்கள். பிள்ளைக்கு வேகம் வேண்டும், தகப்பனுக்குப் பழமை வேண்டும். சில விஷயத்தில் பிள்ளையின் பக்கமே நியாயம். லூகாஸ் டைனமோ எஞ்சின் மெதுவாக ஓடும்போது பற்றரியை ஏற்றாது. மழை இரவில் விளக்கும் வைப்பரும் ஒன்றாகப் போட்டால் வெளிச்சம் மங்கும். அந்த இடத்தில் ஒல்ரனேற்றர் பூட்டுவது அறிவான வேலை. பழைய கார்களில் பற்றரியின் நேர்முனை உடம்போடு இணைந்திருக்கும். அதை எதிர்முனைக்கு மாற்றிய பிறகே பூட்டவேண்டும். நாலு சில்லுக்கும் டிரம் பிறேக்கோடு ஏ9இல் இன்றைய பஸ்களுக்கு முன்னால் ஓடுவது விளையாட்டில்லை; முன்சில்லுக்கு டிஸ்க் பிறேக் போடத் தயங்கவே கூடாது. ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் இலங்கையில் நின்றுவிட்டதால், ஈயத்தை நம்பிச் செய்த வால்வு இருக்கைகள் தேயும். தலையைக் கழற்றும்போதே கடின உருக்கு வளையம் அடித்துவிடுவது நல்லது. 2008இலிருந்து வருடாந்தப் புகைப் பரிசோதனையும் இருக்கிறது.

எஞ்சினையே தூக்கிவிட்டு நிசான் எஞ்சின் போடுவதுதான் பெரிய தகராறு. தூய்மைவாதிகளுக்கு அது பாவம். ஆனால் நிசானின் கதையைத் தெரிந்துகொண்டால் கோபம் கொஞ்சம் தணியும். 1952இல் ஒஸ்ரினோடு ஒப்பந்தம் செய்து, ஏ40 சொமசெற்றையும் பிறகு ஏ50 கேம்பிறிட்ஜையும் ஜப்பானில் கட்டிப் பழகிய கம்பனி அது. டொனால்ட் ஸ்ரோன் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் ஒஸ்ரினின் 1,489 சிசி எஞ்சினில் பிஸ்ரனின் ஓட்டத்தை 89 மில்லிமீற்றரிலிருந்து 59ஆகக் குறைத்து 988 சிசி எஞ்சின் ஒன்றை உருவாக்கிக் கொடுத்தார். 1957இன் டற்சன் 1000 அதில் ஓடியது. கேம்பிறிட்ஜுக்குள் நிசான் போடுகிற யாழ்ப்பாண மெக்கானிக் ஒரே குடும்பத்துக்குள்தான் சம்பந்தம் செய்கிறார். இருந்தாலும், பழைய எஞ்சின் திருத்தக்கூடியதாக இருக்கும்வரை அதைத் தூக்காமல் இருப்பதே மேல். பிள்ளை படிக்கவேண்டியது அதற்குள்தான் இருக்கிறது.

தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே காரைக் கொண்டுவரவேண்டும் என்ற வெளிநாட்டு விதியை இங்கே அப்படியே எடுப்பதும் பிழை. அந்த விதிப்படி மண்ணெண்ணெய்த் திருகுபிடியைக் கழற்றவேண்டும், தகர டாங்கி இருந்த கொளுவியை வெட்டவேண்டும், பொனற்றுக்குள் துளைத்த ஓட்டைகளை அடைத்துப் பெயின்ற் அடிக்கவேண்டும். அப்படிச் செய்தால் கிடைப்பது பேர்மிங்காமில் ஆயிரக்கணக்கில் இருந்த ஒரு கார். யாழ்ப்பாணத்தில் மட்டும் இருந்த கார் போய்விடும். எரிபொருள் கசியாதபடி குழாயை மூடிவிட்டு, கொளுவியையும் திருகுபிடியையும் அதனதன் இடத்தில் விட்டுவைப்பதால் காரின் ஓட்டத்துக்கு எந்தக் குறையும் வராது. யுத்தகாலத்துச் சாதாரண வாழ்க்கையின் சாமான்கள் மிகக் குறைவாகவே மிஞ்சியிருக்கின்றன. மிஞ்சியதைத் துருவோடு சேர்த்துச் சுரண்டி எறியக்கூடாது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடி நின்றது. தனியார் கார்களுக்கு அது 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடையில் 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. ஜூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய், அதற்குப் பிறகு கியூஆர் முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர். யாழ்ப்பாணத்தின் மூத்தவர்களுக்குப் பழைய வித்தை நினைவுக்கு வந்திருக்கும். ஆனால் அந்த ஓகஸ்ற்றில் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ஆனது. மீனவரும் தோட்டக்காரருமே அதை வாங்கத் திண்டாடினார்கள். பழைய வழி அத்தோடு அடைபட்டது.

தொண்ணூறுகளில் இந்த வேலையைச் செய்த மெக்கானிக்குகளுக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல். எந்தக் கைநூலிலும் அவர்களுடைய வேலை இல்லை. கொட்டிலிலிருந்து காரை எடுக்கிற பிள்ளை, ஸ்பானரைத் தொட முன் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு ஊரிலுள்ள அந்த ஐயாவிடம் போகவேண்டும். இரண்டாவது காஸ்கற்றை எதில் வெட்டினீர்கள், டிஸ்ரிபியூற்றரை எவ்வளவு திருப்பினீர்கள், சொமசெற்றின் செனித் காபரேற்றருக்கும் மைனரின் எஸ்யூ காபரேற்றருக்கும் வேலை எப்படி வேறுபட்டது, ஒயில் இல்லாதபோது எதை ஊற்றினீர்கள், எந்தக் கார் யாரை எங்கே கொண்டுபோனது என்று கேட்டு, அவர் சொல்வதை அவர் சொல்கிற சொற்களிலேயே எழுதி, காரின் பதிவுப் புத்தகத்தோடு சேர்த்து வைக்கவேண்டும்.